ரெசல்யூஷனுக்குத் தமிழ் பிரிதிறன், தெளிவுத்திறன் இல்ல

போன மாசம் நம்ம கொடைக்கானல் மலைல பூம்பாறைல இருந்து ஒரு அண்ணன் கடைக்கு வந்தாரு, கையில ஒரு சிசிடிவி கேமரா பெட்டி. நம்மகிட்ட வாங்குனது இல்ல, ஆன்லைன்ல வரவச்சது. பூண்டுக் காட்டுக்குள்ள ராத்திரில காட்டுமாடு இறங்கி மிதிச்சுட்டுப் போகுது, எத்தனை வருது எந்தப் பக்கமா வருதுன்னு பாக்க மாட்டியிருக்காரு. பெட்டி மேல கொட்டை எழுத்துல தமிழ்லயே போட்டிருக்கான், "உயர் தெளிவுத்திறன்". அதக் காட்டித்தான் கேட்டாரு, "தம்பி, தெளிவா தெரியும்னுதான எழுதியிருக்கான், மூட்டம் இறங்குனா ஒண்ணுமே தெரியலயே, கேமரா பழுதா இல்ல பொய்யி எழுதி விக்கிறானா?"

கேமரா பழுதில்ல. போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் ஓடுது. பெட்டில இருந்த 1920க்கு 1080ங்கிற கணக்கும் (படத்துல குறுக்க 1920 புள்ளி, நெடுக்க 1080) பொய்யில்ல, உள்ள அத்தனை புள்ளியும் இருக்கு. பொய்யா இருந்தது ரெசல்யூஷனுக்குத் தமிழ்னு போட்ட அந்த ஒரு சொல்லுதான். இந்தச் சொல்லால ஒருத்தர் ஏமாந்து வந்து நிக்கிறது இது முதல் தடவையும் இல்ல, அதனாலதான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல மூலத்தை முடிச்சிடுறேன். ரெசல்யூஷன் லத்தீன்ல இருந்து வந்தது, ரிசால்வெரேன்னா அவிழ்த்தல், கட்டுப்பிரித்தல். அங்கிருந்து கலந்து கிடக்குறத கூறுகூறா பிரிக்கிறதுன்னு ஒரு கிளை போச்சு, சிக்கலை அவிழ்த்து முடிவுக்கு வர்றதுன்னு இன்னொரு கிளை போச்சு. சபைல போடுற தீர்மானம் ரெண்டாவது கிளை. தொலைநோக்கி, நுண்ணோக்கி, கேமரா எல்லாம் முதல் கிளை. அவ்வளவுதான்.

இது தெரியாமத்தான் சில ஃபோன் விளம்பரத்துல "அதிக தீர்மானம் கொண்ட கேமரா"ன்னு எழுதுறாங்க. பஞ்சாயத்துல போடுற தீர்மானம் கேமராவுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு எழுதுனவரு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா நின்னிருக்கும். ஒரு விஷயம் நியாயமா சொல்லணும், தீர்ங்கிற வேருக்கு பழைய தமிழ்ல விடுதல்னு ஒரு பொருள் உண்டு, தொல்காப்பியம் உரியியல்லயே அது இருக்கு, அந்த வகைல லத்தீன் வேருக்கு அது ரொம்ப தூரமில்ல. ஆனா இன்னைக்கு தீர்மானம்னா எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். அதோட இந்தத் தப்பு படிச்ச உடனே தப்புன்னு தெரிஞ்சுடும், யாரும் ஏமாற மாட்டாங்க. தெளிவுத்திறன் அப்படி இல்ல, கேட்டா சரி மாதிரியே இருக்கும். எனக்குக் கோவம் அது மேலதான்.

அந்த அண்ணன்கிட்ட நான் கேட்டேன், "அண்ணே, ராத்திரி எதிர் மலைல வண்டி வருது, தூரத்துல ஒரே வெளிச்சம்தான் தெரியுது, அது பைக்கா ஜீப்பான்னு எப்பண்ணே தெரியும்?" யோசிக்கவே இல்ல, டக்குன்னு சொன்னாரு, "வெளிச்சம் ரெண்டா பிரியும்ல, அப்ப தெரிஞ்சுக்கலாம்." அவரு வாயிலயே சொல்லு வந்துடுச்சு. ஒண்ணா தெரியுற ரெண்டு பொருள் ரெண்டா பிரிஞ்சு தெரியுற அந்த இடம் இருக்கே, அதுதான் ரெசல்யூஷன். அதுக்குத் தமிழ் பிரிதிறன். இயற்பியல் வாத்தியாருங்க இந்தச் சொல்ல ரொம்ப காலமா வச்சிருக்காங்க, சிலர் பகுதிறன்னும் சொல்லுவாங்க, அதுவும் பொருள் கெடாத சொல்லுதான்.

இதுக்குக் கணக்கே இருக்கு. 1879-ல ரேலி பிரபுங்கிற இயற்பியல் விஞ்ஞானி எழுதி வச்சது, ரெண்டு ஒளிப்புள்ளி எவ்வளவு நெருங்குனா ஒண்ணாயிடும்னு, ஒளியோட அலைநீளத்தை லென்ஸோட விட்டத்தால வகுத்து 1.22 ஆல பெருக்கணும். நம்ம கண்ணுக்கு நல்ல வெளிச்சத்துல ஒரு டிகிரில 60-ல ஒரு பங்கு வரைக்கும் பிரியும். ஜீப்போட ரெண்டு லைட்டுக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர்னு வச்சா கணக்குப்படி 5 கிலோமீட்டர்லயே ரெண்டா தெரியணும், ராத்திரில வெளிச்சம் கூசுறதால அதுக்கும் கிட்ட வந்தாத்தான் தெரியும். கல்யாணத்துல அருந்ததி பாக்குறோமே, அதுவும் இதேதான். வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் நடுவுல அந்த 60-ல சுமார் 12 பங்கு இடைவெளி, அதனால பழுதில்லாத கண்ணுக்கு பிரிஞ்சு தெரியும். தொலைநோக்கி வச்சுப் பாத்தா வசிஷ்டரே ரெண்டா பிரிவாரு. அங்க கூடுனது தெளிவில்ல, பிரிக்கிற திறன்.

இப்ப மூட்டத்துக்கு வர்றேன். கொடைக்கானல்ல இருக்குறவங்களுக்கு இதப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதே இல்ல. மூட்டத்துல ஜீப் எதிர்ல வருது, ரெண்டு வெளிச்சமும் வெளிறிப்போய் மங்கலா தெரியுது, ஆனா ரெண்டா தெரியுது. தெளிவு இல்ல, பிரிதிறன் இருக்கு. மூட்டமே இல்லாத ராத்திரில 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு வண்டி வருது, பளிச்சுன்னு நட்சத்திரம் மாதிரி ஒரே வெளிச்சம். தெளிவு இருக்கு, பிரியல. ரெண்டும் வேற வேறங்கறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

ஆராய்ச்சி பண்றவங்களும் இத ரெண்டாத்தான் வச்சிருக்காங்க. படத்துல இருந்து மூட்டத்தை நீக்குறது தனி வேலை. கைமிங் ஹேயும் கூட ரெண்டு பேரும் 2009-ல ஒரு வழி சொன்னாங்க, அதோட யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்துல வானத்தை விட்டுட்டு எந்தச் சின்ன கட்டத்த எடுத்தாலும், சிவப்பு பச்சை நீலம் மூணுல ஏதாவது ஒண்ணு ஏதாவது ஒரு புள்ளிலயாவது கிட்டத்தட்ட கறுப்பா இருக்கும். இலையோட நிழல், மரப்பட்டை இடுக்கு, பச்சைல இருக்குற குறைஞ்ச நீலம், இப்படி எங்கயாவது ஒண்ணு. மூட்டம் வந்தா அந்தக் கறுப்பு வெளுத்துடும். எவ்வளவு வெளுத்திருக்குன்னு பாத்தா அந்த இடத்துல மூட்டம் எவ்வளவு தடிமன்னு தெரிஞ்சுடும், அத கழிச்சுட்டா படம் துலங்கிடும். இப்ப பாருங்க, போடுறதுக்கு முன்னாடியும் 1920க்கு 1080, போட்டப்புறமும் 1920க்கு 1080, ஒரு புள்ளி கூடல. ரெசல்யூஷன் அப்படியே இருக்கு, தெளிவுதான் கூடுச்சு. இத தமிழ்ல எழுதப் போறவன் ரெசல்யூஷனுக்கு ஏற்கனவே தெளிவுத்திறன்னு எழுதி வச்சுட்டா என்ன எழுதுவான்? "தெளிவுத்திறன் மாறாமல் தெளிவு கூடியது"ன்னா? ஒரு நல்ல தமிழ்ச்சொல்ல அதுக்குச் சொந்தமில்லாத இடத்துல உக்கார வச்சுட்டு, அதோட சொந்த இடத்துக்கு ஆள் இல்லாம நிக்கிறோம்.

இன்னொண்ணு, ரெசல்யூஷன் ஒரு வகை மட்டும் இல்ல. செயற்கைக்கோள் படத்துல நாலு சொல்வாங்க. தரைல எவ்வளவு நெருங்குனத பிரிக்கும், எத்தனை நாளுக்கு ஒரு தடவை அதே இடத்தை எடுக்கும், ஒளியோட நிறங்களை எத்தனை பட்டையா பிரிக்கும், வெளிச்சத்தோட ஏற்ற இறக்கத்த எத்தனை படியா பிரிக்கும். இடப் பிரிதிறன், காலப் பிரிதிறன், நிறமாலைப் பிரிதிறன், ஒளியளவுப் பிரிதிறன்னு நாலையும் ஒரே சொல்ல வச்சு எழுதிடலாம், எதுவும் இடிக்காது. இங்க போய் "காலத் தெளிவுத்திறன்"னு எழுதிப் பாருங்க. ஒரு கோள் 16 நாளுக்கு ஒரு தடவை எடுக்குற லேண்ட்சாட்டுக்கும், ரெண்டு கோள் சேந்து 5 நாளுக்கு ஒரு தடவை எடுக்குற சென்டினல்-2க்கும் காலத்துல என்ன தெளிவு? வீடியோவுக்கும் அதேதான், ஒரு செகண்டுக்கு 25 ஃபிரேம்னா நேரத்த 25 துண்டா பிரிக்குதுன்னு அர்த்தம்.

நம்ம மலைலயே இருக்குற சூரிய ஆய்வகத்தப் பாருங்க. 1909-ல எவர்ஷெட்ங்கிற விஞ்ஞானி இங்கதான் சூரியனோட கரும்புள்ளி ஓரத்துல வாயு வெளிப்பக்கமா ஓடுதுன்னு கண்டுபிடிச்சாரு. ஒளிய நிறம் நிறமா பிரிச்ச நிறமாலைல ஒரு கோடு இம்மியளவு நகந்ததப் பிரிச்சுப் பாத்துத்தான் கண்டுபிடிச்சாரு, சூரியன் அன்னைக்குத் தெளிவா தெரிஞ்சதால மட்டும் அது வந்துடல. அங்க 1904ல இருந்து எடுத்த சூரியப் படத் தட்டுகள இப்ப 4096க்கு 4096 புள்ளியா டிஜிட்டலாக்கி வச்சிருக்காங்க. ஆனா அன்னைக்குக் காத்து நடுங்கி ரெண்டு சின்னப் புள்ளிய ஒண்ணாக்கியிருந்தா, இன்னைக்கு எத்தனை பிக்சல் போட்டாலும் அது பிரியாது. அதனாலதான் பிக்சல் எண்ணிக்கைய மட்டும் வச்சு நான் பிரிதிறன்னு சொல்றதில்ல, அது வெறும் புள்ளி எண்ணிக்கை. லென்ஸ், காத்து, வெளிச்சம், ஆடுற கை எல்லாம் சேந்துதான் பிரிதிறன்.

பழனி மலைப் புல்வெளி கதையும் இதுல வரும். நாப்பது வருஷத்துல புல்வெளில மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு 2018-ல ஒரு ஆய்வு வந்துச்சு, செயற்கைக்கோள் படங்களை வச்சு. வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டமும் விவசாயமும் தின்னுடுச்சு (வாட்டில நீலகிரிப் பக்கம் சீகைம்பாங்க). ஆரம்ப கால லேண்ட்சாட்ல ஒரு புள்ளின்னா தரைல கிட்டத்தட்ட 80 மீட்டர், அப்புறம் 30 மீட்டர் ஆச்சு, இன்னைக்கு சென்டினல்ல 10 மீட்டர். 80 மீட்டர் புள்ளிக்குள்ள பாதி புல்லும் பாதி வாட்டிலும் நின்னா ரெண்டும் கலந்து ஒரே நிறமாத்தான் வரும், வானம் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் சரி. படம் தெளிவு, புல்லும் மரமும் பிரியல. இத "குறைந்த தெளிவுத்திறன்"னு தமிழ்ல படிக்கிறவன் என்ன நினைப்பான், அன்னைக்கு மேகம் மறைச்சுடுச்சு போலன்னுதான் நினைப்பான்.

"எல்லாருக்கும் புரியுதே, பழகிப்போச்சே, இப்ப எதுக்கு மாத்தணும்"னு சொல்றவங்க நிறையப் பேரு. புரியல, அதான் விஷயம். புரிஞ்ச மாதிரி இருக்கு. தெரியாத சொல்லா இருந்தா என்னான்னு கேப்பான், தெரிஞ்ச சொல்லு தப்பான பொருள்ல வந்தா கேக்கவே மாட்டான், காச கொடுத்துட்டுப் போயிடுவான். பூம்பாறை அண்ணனுக்கு நடந்தது அதுதான். ரெசல்யூஷன்னே தமிழ் எழுத்துல போட்டிருந்தாக்கூட அவரு என்னான்னு யாரையாவது கேட்டிருப்பாரு. தப்பான தமிழ விட கடன் வாங்குன சொல்லு எவ்வளவோ மேல், இத தமிழ் மேல அக்கறை உள்ளவனாத்தான் சொல்றேன்.

மொழிபெயர்க்கிறவங்க கிட்ட எனக்கு இருக்குற மனத்தாங்கல் இதுதான். சொல்லப் பாத்து சொல்லு போடுறாங்க, பொருளப் பாக்குறதில்ல. எச்டிய, அதாவது ஹை டெஃபனிஷன, "உயர் வரையறை"ங்கறாங்க, என்ன வரையறை, யார் வரையறுத்தது? படத்துல புள்ளிபுள்ளியா வர்ற நாய்ஸ "சத்தம்"ங்கறாங்க, ஃபோட்டோவுல எங்க சத்தம் கேக்குது, இரைச்சல்னாவாவது பழகுன கலைச்சொல்லு. கேமராவ ஒரு தடவை கையில எடுத்து, ஒரு படத்தப் பெருசாக்கிப் பாத்துட்டு எழுதுனா இதுல பாதித் தப்பு வராது.

எழுதுறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். பிரிதிறன்தான், பிரித்திறன் இல்ல. பிரி திறன்னு வினைத்தொகை, ஊறுகாய் சுடுகாடு மாதிரி நடுவுல ஒற்று மிகாது. ஒரே காட்சியப் பல தடவை எடுத்துச் சேத்தோ, பழக்குன கம்ப்யூட்டர் நரம்பு வலைய வச்சு ஊகிச்சோ புள்ளிகளுக்கு இடைப்பட்டத வரவைக்கிற சூப்பர் ரெசல்யூஷனுக்கு மீப்பிரிதிறன்னு அழகா அமையும், மீத்தெளிவுத்திறன்னு சொல்லிப் பாருங்க, வாயும் வராது பொருளும் வராது.

அந்த அண்ணனுக்கு நான் காகிதத்துல கணக்குப் போட்டுக் காமிச்சேன். கேமரா வேலைல ஒரு அளவு வச்சிருக்காங்க, தெரியாத ஆளோட முகத்த அடையாளம் சொல்லணும்னா அவரு நிக்கிற இடத்துல ஒரு மீட்டருக்கு 250 புள்ளி விழணும், தெரிஞ்ச ஆளான்னு பாக்க 125, ஏதோ இருக்குன்னு மட்டும் தெரிய 25. இவரு காடு 60 மீட்டர் அகலம், 1920 புள்ளிய அதுல பரப்புனா மீட்டருக்கு 32. மாடு வந்துச்சுன்னு தெரியும், ரெண்டு மாடு ஒட்டி நின்னா ஒரே கறுப்பாத்தான் தெரியும். இறங்குற வழில, அந்த ஒத்தையடிப் பாதை மேல மட்டும் பாக்குற மாதிரி திருப்பி மாட்டச் சொன்னேன். மூட்டத்துக்கு இது மருந்தில்லண்ணே, அது வேற கதைன்னும் சொல்லிட்டேன். "அத முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா நான் வேற மாதிரி வாங்கியிருப்பேன்ல"ன்னாரு.

என் அண்ணன் மக மதுரைல படிக்கிறா, மலைக்காட்டுப் படங்கள்ல மூட்டம் நீக்குறதுதான் அவ புராஜெக்ட், தமிழ்ச் சுருக்கம் எழுதி எனக்கு அனுப்பியிருந்தா. எல்லா இடத்துலயும் தெளிவுத்திறன். உக்காந்து ஒவ்வொண்ணா பிரிதிறன்னு மாத்திட்டு வந்தோம். முடிவுரைல ஒரு இடத்துல மட்டும், மூட்டம் போனப்புறம் சோலை ஓரம் எப்படித் தெரியுதுன்னு எழுதியிருந்த வரில, "சித்தப்பா இங்க?"ன்னு கேட்டா. அங்க திறன மட்டும் எடுத்துட்டு தெளிவ அப்படியே விடச் சொன்னேன்.