ஒரு தடத்தில் எவ்வளவு வாசிக்கலாம்?

குளக்கட்டின் ஈரமண்ணில் யானையின் முன்காலடி பதிந்திருந்தால், அதைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். 140 சென்ரிமீற்றர் சுற்றளவு என்றால் ஒன்பது அடியைத் தாண்டிய யானை. அது காட்டுக்குள் போய் எவ்வளவோ நேரமாகியிருக்கும். தடம் மட்டும் கதைத்துக்கொண்டிருக்கும்.

நாம் விட்டுச்செல்லும் தகவலும் இப்படியொரு தடம்தான். இலங்கையின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே அப்படி வாசிக்கலாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 85574 என்று தொடங்குகிறதென்றால் 574இல் 500 போக மிச்சம் 74. ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29 (லீப் வருடமோ இல்லையோ கணக்கு 29தான்), மீதி 14. ஆக, 1985 மார்ச் 14இல் பிறந்த பெண். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாகிவிட்டது.

முகநூலில் பிறந்த திகதியை மறைத்து வைத்திருப்பவரின் பெயரே, ஊரின் வட்ஸ்அப் குழுவில் சுற்றும் உதவிப் பயனாளிகள் பட்டியலில் அடையாள அட்டை இலக்கத்தோடு நிற்கும். மறைத்ததில் என்ன பயன்? பட்டியல் போடுபவர்கள் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் போட்டால் போதும். ஆளையும் இனங்காணலாம், பிறந்த திகதியும் வெளியே போகாது.

அடுத்தது காணிப் படம். வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்கு வளவைக் காட்ட எடுக்கும் படத்துக்குள், எடுத்த நேரம், போனின் மொடல், லொக்கேஷன் திறந்திருந்தால் அகலாங்கு நெட்டாங்கு எல்லாம் எழுதப்பட்டிருக்கும். எக்சிப் என்று அதற்குப் பெயர். 9.3, 80.4 என்று ஒரு தசமத்தோடு நின்றால் வன்னியில் இரணைமடுக் குளத்துப் பக்கம் என்று மட்டும் தெரியும், ஏனென்றால் ஒரு தசமத்துக்குச் சுமார் 11 கிலோமீற்றர். நான்காவது தசமம் வரை போனால் 11 மீற்றர்: எந்த வீட்டு முற்றம் என்றே சொல்லிவிடலாம். வன்னியில் தொலைபேசிக் கோபுரங்கள் தூரத் தூரமாக இருப்பதால் அவற்றை வைத்து ஆளின் இடத்தைக் கிலோமீற்றர் கணக்கில்தான் ஊகிக்கலாம். ஆனால் ஜி.பி.எஸ்ஸுக்கு வேண்டியது திறந்த வானம். வயல்வெளியில் அது ஐந்து மீற்றர் அளவுக்குத் துல்லியமாகப் பிடிக்கும்.

வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் கழன்றுவிடும். படம் மங்கிவிடுகிறதென்று ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினால் ஒன்றும் கழலாது. மின்னஞ்சலிலும் அப்படியே போகும். கமரா செட்டிங்ஸில் லொக்கேஷனை நிறுத்திவிட்டு எடுப்பதே சுலபம்.

ஆனால் வன்னியில் ஆகக் கூடுதலான தடம் விழுவது முகநூலிலோ படங்களிலோ அல்ல, கொமினிகேஷன் கடைக் கணினியில். வேலை விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, கடவுச்சீட்டுப் படிவம் எல்லாம் அங்கேதான் நடக்கிறது. அடையாள அட்டையைக் கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்புகிறீர்கள். பிரிண்ட் வந்ததும் ‘எல்லோருக்கும் அழி’ என்று அழிக்கிறீர்கள். செய்தி போய்விடும். ஏற்கெனவே டவுன்லோட்ஸ் கோப்புறையில் இறங்கிய பிரதி அங்கேயே கிடக்கும். கடைக்காரர் நல்ல மனிதர்தான், வரிசையில் ஆட்கள் நிற்கும்போது அவருக்கு அழிக்க நேரமில்லை. நீங்களே கேட்டு ஷிப்ட் விசையோடு டிலீட் அழுத்துவியுங்கள். வெறும் டிலீட் என்றால் குப்பைக்கூடைக்குத்தான் போகும். இன்னும் நல்ல வழி, கோப்பைப் பாஸ்வேர்ட் போட்ட பி.டி.எவ் ஆக அனுப்பி, பாஸ்வேர்டை விசைப்பலகையில் நீங்களே அடிப்பது. பிரதி மிஞ்சினாலும் பூட்டியபடியே மிஞ்சும். கடதாசியில் கொடுக்கும் பிரதியிலும் ‘இன்ன விண்ணப்பத்துக்கு மட்டும்’ என்று திகதியோடு குறுக்கே எழுதலாம்.

அங்கே ஜிமெயில் திறந்தால் அது வேறு சிக்கல். நீங்கள் ஒருமுறை உள்ளே நுழைந்ததும் கூகுள் அந்த உலாவிக்கு ஒரு குக்கியைக் கொடுக்கிறது. அது கடைவாசலில் தரும் துண்டு போல: துண்டு இருக்கும்வரை மறுபடி யார் என்று கேட்கமாட்டார்கள். ஜன்னலை மூடினாலும் துண்டு கிழிவதில்லை. அடுத்தவர் ஜிமெயிலைத் திறந்தால் உங்கள் கடிதங்கள் வரும். ஆகவே குரோமில் ‘கெஸ்ட்’ ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். மூடியதும் குக்கியும் வரலாறும் போய்விடும், டவுன்லோட்ஸ் மட்டும் போகாது. மறந்து வந்துவிட்டால் உங்கள் போனில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. தெரியாத கணினியை அங்கிருந்தே வெளியேற்றலாம். ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா’ என்று கேட்டபோது ஓம் என்று அழுத்தியிருந்தால் பாஸ்வேர்டையே மாற்றவேண்டும். வட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பக்கத்தையும் பாருங்கள். கடைக் கணினி அங்கே இன்னும் தொங்கும்.

உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கும்போது ஒரு எழுத்துக்கூட்டலில் நிற்காதீர்கள். தமிழில், ஆங்கிலத்தில், முதலெழுத்து முன்னால் போட்டு, பின்னால் போட்டு, ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் தேடவேண்டும். கூகுள் முடிவிலிருந்து ஒன்றை நீக்கினாலும் அது இருந்த தளத்தில் அப்படியே இருக்கும். தளத்தில்தான் முதலில் நீக்கவேண்டும். முகநூல் கணக்கை அழிக்கச் சொன்னால் 30 நாள் பொறுக்கும். அதற்குள் ஒருமுறை உள்ளே நுழைந்து அழிப்பை நிறுத்தினால் கணக்கு திரும்பிவிடும்.

கடைசியாக, கைவிட்ட சிம். நெடுநாள் ரீலோட் பண்ணாத இலக்கத்தை நிறுவனம் வேறொருவருக்கு விற்கலாம். உங்கள் பழைய கணக்குகளுக்கான ஓ.ரி.பி. (ஒருமுறைக் கடவுச்சொல்) அவருடைய போனுக்குப் போகும். அவர் அந்த இலக்கத்தில் வட்ஸ்அப் பதியும்போது, நீங்கள் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க ‘பின்’ (PIN) போட்டிருந்தால், அது தெரியாமல் ஏழு நாளுக்கு உள்ளே வரமுடியாது. அதற்குப் பிறகு வரலாம். அதனால் பழைய சிம் கையில் வேலைசெய்யும்போதே கணக்குகளில் உள்ள இலக்கத்தை ஒழுங்காக மாற்றிவிடுங்கள்: முதலில் வங்கி, பிறகு கூகுள், முகநூல், இறுதியாக வட்ஸ்அப்பின் ‘இலக்கத்தை மாற்று’. எல்லாவற்றுக்கும் புதிய இலக்கத்துக்கு ஓ.ரி.பி. வந்ததைப் பார்த்த பின்னரே பழைய சிம்மைக் கழற்றுங்கள்.