வின்னிபெக்கின் பழைய கட்டடங்களை எது சாய்க்கிறது?

கனடாவில் வின்னிபெக் நகரின் எக்ஸ்சேஞ்ச் வட்டாரத்தில், நூறாண்டு கடந்த கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். வாங்குவதற்கு முன், விற்பதற்கு முன், வங்கிக் கடனுக்கு முன் என்று யாராவது கூப்பிடுவார்கள். வந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இவ்வளவு பழசாச்சே, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?" கூரையில் தண்ணீர் நிற்காமல், சுவரில் தப்பான கலவை ஏறாமல், குளிர்காலத்தில் உள்ளே கொஞ்சம் சூடு இருந்தால் இன்னொரு நூறு வருஷம் தாராளமாகத் தாங்கும் என்பேன். கட்டடத்தின் வயது எனக்குக் கவலை தருவதில்லை. கடைசி முப்பது வருஷத்தில் யார் என்ன ரிப்பேர் செய்தார்கள் என்பதுதான் கவலை.

இந்தக் கட்டடங்கள் எப்படி வந்தன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1873இல் நகர அந்தஸ்து பெற்ற வின்னிபெக், 1880களில் கனடிய பசிபிக் ரயில் வந்ததும் மேற்குச் சமவெளிக்கே வாசலாகிவிட்டது. அங்கே விளைந்த கோதுமை இந்த ஊர் வழியாகக் கிழக்கே போனது. கிழக்கிலிருந்து வந்த ஆணி, கலப்பை, துணி, மளிகை எல்லாம் இங்கே இறங்கி மேற்கே போயின. 1887இல் தொடங்கிய தானியச் சந்தையின் (கிரெயின் எக்ஸ்சேஞ்ச்) பெயரைத்தான் வட்டாரம் இன்றும் சுமக்கிறது. இரும்புச் சாமான் வணிகர் ஜேம்ஸ் ஆஷ்டவுன் 1895இல் பெரிய கிடங்கு கட்டினார். பிறகு நகரத்தின் மேயரும் ஆனார். 1904இல் யூனியன் வங்கியின் பத்து மாடிக் கட்டடம் எஃகுச் சட்டத்தின் மேல் எழுந்தது.

அப்புறம் எல்லாம் நின்றுபோனது. 1913இல் பொருளாதார மந்தம், அடுத்த வருஷமே உலகப் போர், அதே வருஷம் பனாமா கால்வாய் திறப்பு. சரக்கு கடல் வழியாகப் போகத் தொடங்கியதும் இந்த ஊர்க் கிடங்குகளுக்கு வேலை குறைந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர் தொடர்ந்து செழித்திருந்தால் இவற்றில் பாதிகூட மிஞ்சியிருக்காது. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணமில்லை, அதனாலேயே தப்பின.

காசு வந்தபோது இடிக்கவும் செய்தார்கள். 1886இல் மணிக்கூண்டோடு கட்டிய பழைய நகர மன்றம் 1962இல் போனது. 1905இல் எழுந்த ஈட்டன்ஸ் கடையைப் பலர் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அந்த இடத்தில் 2004இல் விளையாட்டரங்கம் திறந்தது. 1970களின் இறுதியில் மெயின் தெருவில் இருந்த பேங்க் ஆஃப் காமர்ஸ் கட்டடத்துக்கும் அதே கதி வர இருந்தது. மக்கள் எதிர்த்தார்கள், நகராட்சி தடுத்தது, கட்டடம் இன்றும் நிற்கிறது. எக்ஸ்சேஞ்ச் வட்டாரம் முழுவதும் 1997இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இடிக்கும் இயந்திரம் வந்தால் ஊரே கூடும். என் அறிக்கைகளில் வரும் எதிரிகள் அவ்வளவு சத்தம் போடுவதில்லை.

முதல் எதிரி சிமென்ட். அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, அதை இணைத்த சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மை. சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியேறும். சுவர் அசைந்தால் சாந்து விட்டுக்கொடுக்கும். தேய்ந்தாலும் தேய்வது சாந்துதான், அதைச் சுரண்டி மறுபடி பூசிக்கொள்ளலாம். இந்த இடத்தில் கெட்டியான சிமென்ட் கலவையால் பாயிண்டிங் செய்தால், அதாவது செங்கல் இடுக்குகளைப் பூசினால், ஈரத்துக்கு வழி அடைபட்டு, அது செங்கல்லுக்குள்ளேயே தங்கும். வின்னிபெக்கில் குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே போகும். அதைவிட மோசம் இலையுதிர்காலமும் வசந்தமும்: பகலில் உருகி இரவில் உறையும் நாட்கள். உறையும்போது நீர் விரிந்து செங்கல்லின் முகத்தை உள்ளிருந்து தள்ளும். அப்படிப் பத்துப் பதினைந்து வருஷம் போன ஒரு சந்துச் சுவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள்: செங்கல் ஒரு விரல்கடை உள்ளே குழிந்திருக்கும், சிமென்ட் கோடுகள் மட்டும் தேன்கூடுபோல வெளியே துருத்தி நிற்கும். கீழே நடைபாதையில் சிவப்புத் தூள். சொந்தக்காரர் பெருமையாகச் சொல்வார்: "பாருங்க, பூச்சு எவ்வளவு கெட்டியா இருக்கு!"

சோதனை எளிது. ஒரு சாவியால் இணைப்பைக் கீறிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சாவிதான் தேய்கிறது என்றால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை உடனே கூப்பிடுங்கள்.

இரண்டாவது எதிரி, கேட்க விசித்திரமாக இருக்கும்: இன்சுலேஷன், அதாவது சூடு வெளியே போகாமல் தடுக்கும் அடைப்பு. ஹீட்டிங் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போய், சுவரின் உட்புறம் கனமாக இன்சுலேஷன் அடைக்கிறார்கள். அதுவரை உள்ளிருந்து கசிந்த சூடுதான் வெளிச் செங்கல்லை உலர்த்திக்கொண்டிருந்தது. சூடு நின்றதும் செங்கல் குளிர்ந்தே, ஈரமாகவே கிடக்கும். கூரையில் இன்சுலேஷன் போடுங்கள், ஜன்னல் இடுக்கை அடையுங்கள்; சுவரில் கை வைக்கும் முன் செங்கல்லைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, மண். நகரம் உட்கார்ந்திருப்பது அகாசிஸ் என்ற பனிக்கால ஏரி விட்டுப்போன களிமண்மேல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கூரைக் குழாய் அடித்தளத்தின் ஓரமாகவே தண்ணீரைக் கொட்டினால் ஒரு மூலை எழும்பும். வறண்ட கோடையில் சுவரருகே நிற்கும் பெரிய மரம் ஈரத்தை உறிஞ்சினால் இன்னொரு மூலை இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல ஏறும் விரிசலைக் கண்டால் நான் முதலில் சுவரைப் பார்ப்பதில்லை, குழாயைப் பார்ப்பேன். நூறு டாலர் குழாய் நீட்டிப்பில் முடியவேண்டியது அடித்தள வேலையில் போய் நிற்கும்.

எல்லாவற்றையும்விட மோசமானது காலியாகக் கிடப்பது. ஆள் இல்லாமல், சூடு இல்லாமல் கிடக்கும் கட்டடத்துக்கு ஒரு குளிர்காலமே அதிகம். குழாய் வெடிக்கும், மரத்தூண்களின் அடியில் பூஞ்சை பிடிக்கும், கடைசியில் தீ. இடிக்க அனுமதி கிடைக்காதவர் கூரை ஓட்டையை அடைக்காமல் விட்டுவிட்டால் போதும், மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். ஒரு கட்டடத்தை நகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்த்துப் பலகை மாட்டினால் போதாது, உள்ளே ஆட்கள் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான். யூனியன் வங்கிக் கட்டடம் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. 2013இல் ரெட் ரிவர் கல்லூரி அதில் சமையல்கலைப் பள்ளியையும் மாணவர் விடுதியையும் திறந்தது. அடுப்பு எரியும் இடத்தில் குழாய் உறையாது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பட்டியலில் உள்ள கட்டடம் என்றால், அதன் சிறப்பு அம்சங்களாகக் குறித்தவற்றை மாற்ற நகராட்சியின் தனி அனுமதி வேண்டும். சில கட்டடங்களில் உட்கூடமும் அதில் அடங்கும். எவை குறிக்கப்பட்டவை என்பதை விலை பேசுவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். சுண்ணாம்புச் சாந்து இறுகும்வரை உறைபனி படக்கூடாது என்பதால் இங்கே கொத்தனார் வேலை கோடையோடு சரி. கை தேர்ந்தவர்கள் குறைவு. அடுத்த கோடைக்கு வேண்டுமென்றால் இந்தக் குளிர்காலத்திலேயே பேசி வையுங்கள்.