வீட்டுக்குள் இருங்கள் என்பது யாருக்குச் சொன்னது?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் புகைமூட்டம் சூழும் ஆண்டுகளில், மதுரையில் நெஞ்சக நோய் பார்க்கும் என்னைப் போன்ற மருத்துவர்களுக்கும் வேலை கூடிவிடுகிறது. மேலூர், திருப்புவனம், உசிலம்பட்டி, சிவகங்கை எனச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் அங்கே பிழைக்கப் போன ஒருவராவது இருப்பார். கப்பல் கட்டும் தளம், கட்டுமானம், உணவகம், மலேசியாவின் ஜொகூர் பக்கம் செம்பனை எனப்படும் எண்ணெய்ப் பனைத் தோட்டம் என்று வேலை. மகன் அங்கே இருமினால் தாய் இங்கே டோக்கன் வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறார். அவன் அனுப்பிய குரல் பதிவைக் காதருகில் வைத்து, பேச்சுக்கு நடுவே இழுப்புச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் யாரும் சொல்லித்தராத பரிசோதனை முறை இது.

"காடு எரிகிறதாம், வருஷக்கணக்காக இதே கதையாம். அந்த ஊர் அரசாங்கமெல்லாம் என்னதான் செய்கிறது டாக்டர்?" என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் எரிவது எது என்று தெரிந்தாக வேண்டும்.

இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பீட் என்ற ஒருவகைச் சதுப்பு மண் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் வேரும் மரமும் தண்ணீரில் ஊறிக் கிடந்து, முழுதாக மட்கிப்போகாமல், பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்த மண். நீர் நிறைந்திருக்கும் வரை அதில் தீ பிடிப்பது அரிது. செம்பனையும் காகிதக்கூழ் மரமும் வைப்பதற்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகு, அந்த மண்ணே விறகாகிவிடுகிறது. நிலத்தைத் திருத்த ஆள் வைத்து வெட்டுவதைவிடத் தீ வைப்பது மலிவு. வைத்த தீ மேலே அணைந்தது போலத் தெரிந்தாலும் அடியில் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். மானாமதுரை, முதுகுளத்தூர் வட்டாரத்தில் சீமைக்கருவேலம் விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசிக் கரிமூட்டம் போடுவார்கள். காற்று சரியாகக் கிடைக்காத நெருப்பு, சுவாலை விடாமல் நாள்கணக்கில் கனன்று புகையை மட்டும் கக்கும். அங்கே எரிவதும் அப்படித்தான். ஆனால் அந்த மூட்டத்துக்குக் காவலும் இல்லை, கரையும் இல்லை. லட்சக்கணக்கான ஹெக்டேரில் அது பரவுகிறது. 2015இல் இந்தோனேசியாவில் எரிந்த பரப்பு சுமார் 26 லட்சம் ஹெக்டேர். ஹெலிகாப்டரில் இருந்து கொட்டும் தண்ணீர் மேல்மண்ணை நனைக்கும். அடியில் இருக்கும் கனலை அணைக்கப் பெருமழைதான் வரவேண்டும். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் அந்த மழை தள்ளிப்போகிறது. 1997இலும் 2015இலும் அதுதான் நடந்தது. ஜூன் முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, புகையை மலாக்கா நீரிணையைத் தாண்டி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இனி அரசாங்கங்களின் கதை. 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் கூடிப் பேசி, எல்லை தாண்டும் புகையைத் தடுக்க 2002இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எந்த நாட்டில் தீ எரிகிறதோ அந்த இந்தோனேசியா அதை நாடாளுமன்றத்தில் ஏற்றது 2014இல். பன்னிரண்டு ஆண்டுகள்! இடையில் 2013 ஜூனில் மலேசியாவின் மூவார் நகரில் காற்று மாசுக் குறியீடு 746ஐத் தொட்டு, அவசரநிலையே அறிவித்தார்கள். 300ஐத் தாண்டினாலே அபாயம் என்று வகுத்த குறியீடு அது. அந்த முறை இந்தோனேசிய அதிபர் சுசிலோ பம்பாங் யுதயோனோ அண்டை நாடுகளிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் அவருடைய அமைச்சர் ஒருவர், சிங்கப்பூர் சிறுபிள்ளை போல நடந்துகொள்கிறது என்று பேசியிருந்தார். 2015இல் துணை அதிபர் யூசுப் கல்லா, ஆண்டில் பதினோரு மாதம் நல்ல காற்றை அனுபவிக்கிறவர்கள் அதற்கு நன்றி சொன்னதில்லையே என்று குறைப்பட்டார். 2023 அக்டோபரில் மலேசியா கடிதம் எழுதியபோது, எல்லை தாண்டிப் புகை போனதாகத் தெரியவில்லை என்று ஜகார்த்தாவில் இருந்து பதில் வந்தது.

ஜகார்த்தாவை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் சரியாகாது. எரிந்த தோட்டங்களில் சிங்கப்பூர், மலேசியத் தொடர்புள்ள நிறுவனங்களின் நிலங்களும் உண்டு. புகை போகும் திசையிலேயே லாபமும் போகிறது. சிங்கப்பூர் 2014இல் தனிச்சட்டம் போட்டது. வெளிநாட்டில் தீ வைத்துப் புகை அனுப்பும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர், அதிகபட்சம் 20 லட்சம் டாலர் வரை அபராதம். பெரிய நிறுவனத்துக்கு அது பெரிய தொகையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளூர் இந்தோனேசியர்களின் கோபம் நமக்கு அதிகம் தெரிவதில்லை. புகையை முதலில் குடிப்பவர்கள் அவர்கள்தான். மத்திய கலிமந்தானின் பாலங்கராயாவில் குடிமக்கள் தங்கள் அரசு மீதே வழக்குப் போட்டார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது; அரசு விடவில்லை, மறுஆய்வுக்குப் போய் 2022இல் அந்தத் தீர்ப்பை மாற்றிக்கொண்டது.

அரசியல் இத்தோடு போதும். மருத்துவராக என் கோபம் வேறொரு சின்ன வாக்கியத்தின் மீது. புகைமூட்டம் வந்தவுடன் எல்லா அரசும் சொல்லும் முதல் அறிவுரை: "வெளியே போவதைத் தவிர்த்து வீட்டுக்குள் இருங்கள்." சரியான அறிவுரைதான், வீடு இருப்பவனுக்கு. சாரத்தில் நின்று கம்பி கட்டுபவனுக்கும், கப்பலின் மேல்தளத்தில் வெல்டிங் அடிப்பவனுக்கும், செம்பனைக் குலை வெட்டுபவனுக்கும் வீட்டுக்குள் இருப்பது என்றால் அன்றைய சம்பளம் போவது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், 2015 செப்டம்பரில் சிங்கப்பூரிலும் விட்டார்கள். குழந்தைகளுக்கு அது அவசியம். கட்டுமானத் தளத்துக்கு அதுபோல மணியடித்து யாரும் விடுவதில்லை. முதலாளிகளுக்கு வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. வெளிவேலையைக் குறை, முகக்கவசம் கொடு, நோயுள்ளவனுக்கு உள்வேலை கொடு என்று அதில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கேட்டு வாங்கும் துணிச்சல், ஒப்பந்தம் எப்போது முறியுமோ என்று இருக்கும் இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு எங்கிருந்து வரும்?

அடுத்தது காற்று மாசைச் சொல்லும் எண். சிங்கப்பூரில் அதன் பெயர் பிஎஸ்ஐ, மலேசியாவில் ஏபிஐ. 100 வரை பரவாயில்லை, அதற்கு மேல் ஆரோக்கியமற்றது, 200க்கு மேல் மிக மோசம், 300க்கு மேல் அபாயம். சிங்கப்பூரின் முக்கிய எண் 24 மணி நேரச் சராசரி. நடுப்பகலில் புகை உச்சத்தில் இருக்கும்போது, முந்தின இரவின் நல்ல காற்றும் கணக்கில் சேர்ந்து எண்ணைத் தாழ்த்திக் காட்டும். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் மூன்று மணி நேர அளவு 401ஐத் தொட்டபோது, அதே நேரத்தின் 24 மணி நேர அளவு அதைவிட வெகு கீழே இருந்தது. எதை நம்புவது என்று மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. நுரையீரல் சராசரியைச் சுவாசிப்பதில்லை, அந்த நேரத்துக் காற்றைச் சுவாசிக்கிறது. அதனால் அங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்வது, மணிக்கொரு முறை வெளியிடப்படும் பிஎம் 2.5 என்ற நுண்துகள் அளவைப் பாருங்கள் என்பதுதான். அது கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் வழக்கமான நாள். 150ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ளவர் வெளிவேலையைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். 250க்கு மேல் போனால் யாருக்கும் வெளிவேலை கூடாது.

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்குள் அடங்கும் துகள். மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் காற்றுச் சிற்றறை வரை போய் உட்காரும். அதிலும் நுண்ணியவை ரத்தத்திலேயே கலக்கும். ஆகவே இருமல் இல்லையே என்று சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது. புகை நாள்களில் மாரடைப்பும் கூடுகிறது.

விடுமுறையில் வந்த ஒரு தம்பி, தான் போட்டிருந்த முகக்கவசத்தைப் பையில் இருந்து எடுத்துக் காட்டினார். என்95தான், நல்ல சரக்கு. ஆனால் தலைக்கவசத்தின் பட்டையோடு சேர்ந்து உறுத்தியதால் கீழ் நாடாவை வெட்டியிருந்தார். மூக்கின் மேல் இருக்கும் உலோகப் பட்டை கடையில் வாங்கியபோது இருந்தபடியே நேராக இருந்தது. கவசத்தின் உள்பக்கம் நடுவில் வெள்ளை. மூக்கின் இரு ஓரங்களிலும் மையிட்டது போலக் கறுப்புக் கோடு. வடிகட்டி வழியாக வரவேண்டிய காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் முழுதும் போயிருக்கிறது. "போட்டும் பயனில்லை சார்" என்றார். போட்டிருந்தால் பயன் இருந்திருக்கும்.

நாடா இரண்டும் வேண்டும்: ஒன்று உச்சந்தலைக்குக் கீழே, மற்றது பிடரியில். பட்டையை இரண்டு கை விரல்களாலும் மூக்கோடு அழுத்த வேண்டும். பலமாக மூச்சு விட்டுப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே காற்றடித்தால் இன்னும் பொருந்தவில்லை என்று பொருள். தாடி இருந்தால் என்95 பொருந்தவே பொருந்தாது. புகை ஓயும் வரை மழித்துக்கொள்ளலாம், மீசைக்குத் தடையில்லை. துவைக்கக் கூடாது. ஈரத்துண்டு, கைக்குட்டை, அறுவை அரங்கில் கட்டும் நீலத்துணி எதுவும் இந்தத் துகளைப் போதுமான அளவு தடுக்காது. ஈரத்துண்டு கட்டினால் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்ஹேலர் விஷயம் இதைவிட வேதனை. நீல நிறத்தில் வருவது சால்பியூட்டமால், உடனடி நிவாரணம். பழுப்பு நிறத்தில் வருவது பியூடிசோனைடு போன்ற தடுப்பு மருந்து, தினமும் எடுக்க வேண்டியது. நம் ஊரில் பழுப்பை நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். "பழகிவிடும்" என்ற பயம். பழகாது. புகைமூட்டம் வருவதற்கு முன்பே தடுப்பு மருந்து சரியாக எடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த மாதங்களை வேலை செய்தபடியே கடந்துவிடுகிறார்கள். அழுத்தும்போதே மெதுவாக உள்ளிழுத்துப் பத்து எண்ணும் வரை மூச்சை நிறுத்த வேண்டும். இன்ஹேலரின் முனையில் பொருத்தும் ஸ்பேசர் குழாய் இருந்தால் இன்னும் நல்லது. நாக்கில் அடித்துக்கொண்டு கசக்கிறது என்பவர்களுக்கு மருந்து நுரையீரலுக்குப் போகவேயில்லை. தடுப்பு மருந்து எடுத்த பின் வாய் கொப்பளிப்பதை மறக்க வேண்டாம்.

விமானம் ஏறுமுன் மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்குள்ள வணிகப் பெயர் அங்கே செல்லாது. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு இறுகுகிறது, கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழே போகிறது என்றால் மேற்பார்வையாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. தங்கும் விடுதி அறையில் ஜன்னலைச் சாத்திக் கொசுவத்திச் சுருளைக் கொளுத்திவைப்பதையும் நிறுத்துங்கள். வெளியே இருக்கும் புகையை விலைகொடுத்து உள்ளே வாங்குவது அது.

இதை எழுதும்போது இங்குள்ள வாசகர் ஒருவர் கேட்பார்: நம் ஊர்ப் புகைக்கு என்ன? கேட்க வேண்டியதுதான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீப்பிடித்து மலையேறப் போனவர்கள் கருகியபோது, மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களைப் பார்த்து நாடே பதறியது. காட்டுத் தீ என்றால் தீக்காயம் என்று நமக்குப் பதிந்துவிட்டது. ஆண்டுதோறும் கோடையில் மலையடிவாரத்தில் மாலை நேரம் படியும் புகை யாருக்கும் செய்தியாவதில்லை. குப்பைமேடு எரிந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியை முடுக்குகிறோம், அலங்காநல்லூர் பக்கம் கரும்புச் சோகை எரிந்தால் ஜன்னலைச் சாத்துகிறோம். 24 மணி நேர பிஎம் 2.5 அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தியா தனக்கு வைத்துக்கொண்ட வரம்பு 60. அங்கே பிஎஸ்ஐ 100ஐத் தொடும் 55 என்ற அளவு, நம் குறியீட்டில் "திருப்திகரம்" என்ற பச்சைக் கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. பிள்ளை அங்கே சுவாசிக்கும் காற்றை நினைத்து அழும் தாய், அடுப்படியில் அதைவிட மோசமான காற்றில் நிற்கும் நாளும் உண்டு.

இன்னொன்று. ஊர் திரும்பியவர்களில் சிலர் இருமலோடு வருகிறார்கள். "அங்கே குடித்த புகை, போகப் போகச் சரியாகும்" என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். புகையால் வந்த இருமல், புகை விலகிய பிறகு நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மாலைக் காய்ச்சலோ எடை இழப்போ சேர்ந்தால், நெருக்கியடித்துப் படுத்த விடுதி அறையில் இருந்து காசநோய் தொற்றியிருக்கவும் கூடும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சளிப் பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால் இந்தோனேசியாவின் மீது பழி போடாதீர்கள்.