பெயர் தெரியாத கம்பெனி டிராக்டரா? முதலில் ஸ்பேர் கடைக்குப் போய் வாருங்கள்

சேலம் மாவட்டத்து வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்திலிருந்து என் டிராக்டர் பட்டறைக்கு வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "தம்பி, கேள்விப்படாத கம்பெனியா இருக்கு. வெலை கம்மியா சொல்றாங்க. வண்டியும் சிம்பிளா இருக்கு. நம்பி வாங்கலாமா?"

வாங்கலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கும் மக்காச்சோளமும் போடுகிறவருக்கு விளம்பரத்தில் வரும் பெரிய வண்டி தேவையே இல்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெரும்பாலோர் அதைச் செய்யாமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சின்ன கம்பெனி என்றாலே மட்டம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். ஹிமாச்சலின் இந்தோ ஃபார்ம், பஞ்சாபின் பிரீத், ஹரியானாவின் ஏஸ், ராஜ்கோட்டின் கேப்டன் எல்லாம் நமக்குத்தான் புதுப் பெயர்கள். பவர் டில்லருக்குப் பேர்போன வி.எஸ்.டி. பக்கத்து ஒசூரிலேயே டிராக்டர் செய்கிறது. எந்தக் கம்பெனியும் எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. டீசல் பம்பு ஒரு இடம், ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு இடம், கிளட்ச் ஒரு இடம், டயர் ஒரு இடம் என்று வெளியில் வாங்கித்தான் பூட்டுகிறார்கள். பெரிய கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கிற அதே ஆட்கள் சின்ன கம்பெனிக்கும் கொடுப்பதுண்டு.

எளிமையும் குறை இல்லை. 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம்-4 புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் அந்த வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டர் பெட்டியும் ஏறிவிட்டன. கோளாறு வந்தால் லேப்டாப் கொண்டுவரும் ஆள் வேண்டும். 50-க்குக் கீழே உள்ளவற்றில் இன்னும் பழைய மாதிரி மெக்கானிக்கல் பம்பு கிடைக்கிறது. ஸ்பேனரும் அனுபவமும் உள்ள ஊர் மெக்கானிக் அதை மரத்தடியிலேயே பிரித்து மாட்டிவிடுவார்.

சரி, அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? அந்தக் கம்பெனிக்கு மட்டுமே உரிய பாகங்களில்.

ஏத்தாப்பூர் பக்கத்து விவசாயி ஒருவரின் 35 ஹெச்.பி. வண்டி. பெயர் வேண்டாம், நல்ல வண்டிதான், இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. கொக்கிக் கலப்பையைத் தூக்கினால் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஆயில் அழுத்தத்தால் பாரம் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பின் மூடியைக் கழற்றி, ஆயிலைத் திறந்து அடைக்கும் கண்ட்ரோல் வால்வை உருவிப் பார்த்தேன். வழவழவென்று இருக்க வேண்டிய உருளையில் நீளவாக்கில் ஒரு கோடு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். ஃபில்டர் மாற்றாமல் விட்டதால் ஆயிலில் இருந்த மண் துகள் போட்ட கோடு அது. அந்த வழியாக ஆயில் கசிந்தால் தூக்கிய பாரம் நிற்காது. உள்ளங்கையில் அடங்குகிற பாகம்தான். ஆனால் சேலத்திலும் ஆத்தூரிலும் அது இல்லை. விற்ற டீலர் ஏஜென்சியை விட்டுவிட்டுப் போயிருந்தார். வடக்கேயிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ஆடி மழை பெய்து, ஈரம் காய்வதற்குள் உழ வேண்டுமே என்று சொந்த வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வாடகை வண்டிக்கு அலைந்தார் அவர். டிராக்டர் வாங்கியபோது மிச்சமான பணத்தின் கணக்கு அந்த ஒரு பட்டத்திலேயே மாறிப்போனது.

அதனால்தான் ஸ்பேர் கடைக்குப் போகச் சொல்கிறேன். டீலரிடம் அந்த மாடலின் பார்ட்ஸ் கேட்டலாக்கைக் கேளுங்கள். டீசல் பம்பு, ஸ்டார்ட்டர், ஹைட்ராலிக் பம்பு இவற்றின் மேல் இருக்கும் பெயர்த் தகடுகளைப் போனில் படம் எடுங்கள். அதோடு சேலத்திலோ ஆத்தூரிலோ டீலருக்குச் சம்பந்தமில்லாத இரண்டு கடைகளில் விசாரியுங்கள். கிளட்ச் பிளேட், ஹெட் கேஸ்கட், வாட்டர் பம்பு கிட், பிரேக் தட்டு, ஹைட்ராலிக் வால்வு, முன் அச்சில் சக்கரம் மாட்டும் ஸ்டப் எல்லாம் கிடைக்குமா என்று கேளுங்கள். பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் கவலை வேண்டாம். அவற்றின் மேலேயே எண்ணும் அளவும் அடித்திருக்கும், எந்தக் கம்பெனி வண்டியானாலும் அளவைச் சொல்லி வாங்கிவிடலாம். கிளட்ச் பிளேட்டுக்கு விட்டமும் நடு ஓட்டையில் எத்தனை பல் என்பதும் தெரிந்தால் போதும், கடைக்காரர் வேறு வண்டியின் பிளேட்டை எடுத்து வைத்து ஒத்துப் பார்த்துவிடுவார். "இது எங்கிட்ட இல்லீங்க, கம்பெனியிலதான் வாங்கணும்" என்று எந்தப் பாகத்துக்குச் சொல்கிறாரோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பில் இரண்டு மூன்று பெயர்தான் இருந்தால் வாங்கலாம். அந்த இரண்டு மூன்றையும் வண்டியோடு சேர்த்தே விலை பேசி வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். பாதிப் பாகம் அந்தக் குறிப்பில் ஏறினால் வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

கம்பெனியே நின்றுபோனால் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். பொதுத்துறை எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் அந்த வண்டி செக் நாட்டு ஸெட்டார் வடிவமைப்பில் வந்தது; பாகங்களை வெளிக் கம்பெனிகளும் செய்து பழகியிருந்தார்கள். அதனால் கம்பெனி போன பிறகும் வண்டிகள் ஓடுகின்றன. ஃபோர்ஸ் மோட்டார்ஸும் 2024-ல் டிராக்டர் தொழிலை விட்டுவிட்டது. பெரிய பெயருக்கும் இது நடக்கும். வெளிச் சந்தையில் பாகம் கிடைக்கிற வண்டி என்றால் உங்களுக்குப் பாதிப்பு குறைவு.

அடுத்தது ஹெச்.பி. வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பது இன்ஜின் சக்தி. ரொட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. சக்தி, அதாவது வண்டியின் பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டில் கிடைக்கும் சக்தி, அது பத்துப் பதினைந்து சதவீதம் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த மாடல்களின் அறிக்கையை இணையத்திலேயே இறக்கிப் பார்க்கலாம். பி.டி.ஓ.வில் எத்தனை கிலோவாட் வந்தது, டீசல் எவ்வளவு குடித்தது, சோதனையின்போது என்ன உடைந்தது, மூன்றும் அதில் உண்டு. கிலோவாட்டை 1.34-ஆல் பெருக்கினால் ஹெச்.பி. வந்துவிடும். அந்த மாடலின் அறிக்கையை டீலரால் காட்ட முடியவில்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள்.

ஏற்காட்டுத் தோட்டங்களுக்கு வாங்குகிறவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியது பிரேக். சமவெளி உழவுக்கு உலர் தட்டு பிரேக் போதும், விலையும் குறைவு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிற வண்டிக்கு ஆயிலில் மூழ்கிய பிரேக்தான் வேண்டும். இந்த இடத்தில் காசு பார்க்காதீர்கள். உரமும் காப்பி மூட்டையும் ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது உலர் தட்டு சூடேறிப் பிடிமானம் இழக்கும். எந்த வண்டியானாலும் ரோட்டில் ஏறுமுன் இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். தோட்டத்தில் திருப்புவதற்காகப் பிரித்து வைத்த பெடலோடு மலை இறங்கினால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி கவிழும். ஏறின கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் கூடவே கூடாது. இன்னொன்று, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று மெல்லிதாவதால் டர்போ இல்லாத டீசல் இன்ஜின் அங்கே பத்துச் சதவீதத்துக்கு மேல் சக்தி இழக்கும். கீழே போதுமான ஹெச்.பி. மேலே திணறும்.

மறுவிற்பனையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: சின்ன கம்பெனி வண்டிக்கு விலை அடிவாங்கும். நான்கு வருடத்தில் மாற்றுகிற பழக்கம் உள்ளவர் பெரிய பெயரையே வாங்கட்டும். பிள்ளை காலம் வரை வைத்து ஓட்டுகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

பில்லில் வண்டி விலையும் ஜி.எஸ்.டி.யும் தனித்தனியாக இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. 6 லட்சம் அடிப்படை விலைக்கு 42,000 ரூபாய் வித்தியாசம். "நாங்க குறைச்சுக் கொடுக்கிறோம்" என்று டீலர் சொல்வதில் இந்த வரிக்குறைப்பு எவ்வளவு, அவருடைய தள்ளுபடி எவ்வளவு என்று கேளுங்கள். மானியத்தில் வாங்குவதென்றால் அந்த மாடல் வேளாண் பொறியியல் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

வண்டி எடுக்கும் நாளில், கம்பெனி தரும் சான்றான படிவம் 22-ல் உள்ள தயாரிப்பு மாதம், வருடத்தைப் பாருங்கள். அதிகம் விற்காத மாடல்கள் ஷோரூமில் வருடக்கணக்கில் நிற்பதுண்டு. பேட்டரி இறங்கி, டயர் வெடிப்பு விட்டிருக்கும். அப்படியானால் பேட்டரியைப் புதிதாகக் கேளுங்கள், விலையையும் குறைத்துப் பேசுங்கள். சேஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பார்த்து பில்லோடு ஒத்துப் பாருங்கள். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணி நேரத்தில் வரும். அதற்கு மெக்கானிக் தோட்டத்துக்கே வருவாரா, நீங்கள் ஓட்டிக்கொண்டு போக வேண்டுமா, வாரண்டி பாகம் எத்தனை நாளில் வரும் என்பதை டீலரின் லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் போட்டு வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.