அறுபது சொல் பவர் பத்திரம்

என் வக்கீல் தொழிலில் பாதிக்கு மேல் பத்திர வேலைதான். விற்பனை, செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவேன். ஒருவர் பேரில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் எழுதிய அன்று மட்டும் தூக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார். மறுநாள் ராத்திரி துபாய்க்கு ஃப்ளைட். "சார், தம்பி பேருக்கு ஒரு பவர் போடணும்" என்றார். எந்தச் சொத்துக்கு என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுருங்க சார். தம்பிதானே." எத்தனை வருடத்துக்கு? "அதெல்லாம் எதுக்கு சார், நான் வரும்போது பாத்துக்கலாம்." சர்வே எண், நான்கு எல்லை, காலக்கெடு எதுவும் இல்லாமல் எழுத மாட்டேன் என்றேன். அவர் வேறு இடத்தில் எழுதிக்கொண்டு போனார். நாலு வருடம் கழித்து அவரே பவரை ரத்து செய்ய வந்து நின்றார். ரத்து செய்வது ஒரு நாள் வேலை. ஆனால் தம்பி அதற்குள் முறையாகக் கிரயம் செய்து கொடுத்துவிட்ட இரண்டு வயல்கள் ரத்துப் பத்திரத்தால் திரும்பி வராது.

வாரத்தில் ஒரு மாலை, சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு சர்வதேசச் சட்ட வகுப்பு எடுக்கிறேன். "பயங்கரவாதிகளுக்கு அடைக்கலம் கொடுக்கும் அரசின் மீது படை நடவடிக்கை எடுக்கலாமா?" என்ற தலைப்பு வரும் நாளில் இந்தத் தம்பி கதையைத்தான் முதலில் சொல்வேன். தலைப்பைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். அடிக்கணும் என்று ஒரு பக்கம், போரே தப்பு என்று மறுபக்கம். தொலைக்காட்சி விவாதங்களும் இப்படித்தான் ஓடுகின்றன. அடிக்கலாமா கூடாதா என்று தொண்டை வறளக் கத்துகிறார்களே தவிர, அடிக்கச் சொல்லி எழுதிய காகிதத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை.

நான் படிக்கக் கொடுப்பது 2001 செப்டம்பர் 14 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானம். அதன் உயிர்நாடியான வாக்கியம் ஆங்கிலத்தில் சரியாக 60 சொற்கள். சாரம் இது: செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்ட, அனுமதித்த, நடத்திய, அதற்கு உதவிய, அல்லது அப்படிப்பட்டவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் என்று குடியரசுத் தலைவர் தீர்மானிக்கும் நாடுகள், அமைப்புகள், ஆட்கள் மீது தேவையான எல்லாப் படைபலத்தையும் அவர் பயன்படுத்தலாம், அவர்கள் மேற்கொண்டு அமெரிக்காவைத் தாக்காமல் தடுப்பதே நோக்கம்.

ஆப்கானிஸ்தான் என்ற பெயர் அதில் இல்லை. தாலிபான் இல்லை, அல்-காய்தா இல்லை. முடியும் தேதி இல்லை. யார் எதிரி என்பதைப் பவர் ஏஜென்ட்டே, அதாவது குடியரசுத் தலைவரே, தீர்மானித்துக்கொள்ளலாம். என் குமாஸ்தாவிடம் ஒருமுறை தமிழில் எழுதிக் காட்டினேன். "என்ன சார், சொத்து விவரமே காணோம்?" என்றார்.

செனட்டில் 98-0. பிரதிநிதிகள் சபையில் 420-1. அந்த ஒரே எதிர்ப்பு ஓட்டு கலிஃபோர்னியாவின் பார்பரா லீயுடையது. அதே நாள் வாஷிங்டன் பேராலயத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து போட்ட ஓட்டு அது. கொலை மிரட்டல் வந்து போலீஸ் காவலோடு நடமாட வேண்டியிருந்தது. அவரைச் சமாதானத் தூதராக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அவர் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்த ஆளாகத்தான் தெரிகிறார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளை மாளிகை முதலில் அனுப்பிய வரைவு இதைவிட அகலம். எதிர்காலத்தில் வரக்கூடிய எந்தப் பயங்கரவாதத்தையும் முன்கூட்டியே தடுக்கும் அதிகாரத்தைக் கேட்டது. உறுப்பினர்கள் அதை வெட்டி, செப்டம்பர் 11-உடன் முடிச்சுப் போட்டார்கள். ஆக, துக்கத்தின் நடுவிலும் கொஞ்சம் வரைவு வேலை நடந்திருக்கிறது.

அப்படியென்றால் நடவடிக்கையே தப்பா என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் பதில், இல்லை. காரணம், வக்கீல் நோட்டீஸ் ஒழுங்காகப் போயிருந்தது. 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தார் எஸ் ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்து 224 பேர் இறந்தார்கள். அந்த நவம்பரில், அப்போது ஆப்கானிஸ்தானை ஆண்ட தாலிபானின் நீதிமன்றம் விசாரணை என்று ஒன்று நடத்தி, ஆதாரம் இல்லை என்று அல்-காய்தா தலைவர் பின்லாடனை விடுவித்தது. 1999 அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1267-ஆம் தீர்மானம் போட்டது: ஆளை ஒப்படை, இல்லாவிட்டால் நவம்பர் 14 முதல் விமானத் தடை, பண முடக்கம். ஒப்படைக்கவில்லை. 2000 டிசம்பரில் 1333, இன்னும் கடுமையாக.

இந்தியர்களுக்கு இந்த ஆட்சியின் குணம் அதற்கு முன்பே தெரியும். 1999 டிசம்பர் 24 அன்று கடத்தப்பட்ட ஐ.சி. 814 விமானம் காந்தஹாரில்தான் நின்றது. ஓடுதளத்தில் விமானத்தைச் சுற்றித் தாலிபான் ஆட்கள் ஆயுதத்தோடு நின்றார்கள். பயணிகளை மீட்க, டிசம்பர் 31 அன்று சிறையிலிருந்த மசூத் அசார் உட்பட மூன்று பயங்கரவாதிகளை நாம் விடுவித்தோம். அவர்களும் கடத்தல்காரர்களும் அந்த மண்ணிலிருந்து சாவகாசமாகக் கிளம்பிப் போனார்கள்.

2001 செப்டம்பர் 20 அன்று புஷ் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொன்னார்: அல்-காய்தா தலைவர்களை ஒப்படைக்க வேண்டும், பயிற்சி முகாம்களை மூட வேண்டும், முகாம்களைச் சோதிக்க விட வேண்டும். ஆப்கான் மத அறிஞர்களான உலமாக்கள் கூடி, பின்லாடன் தானாக வெளியேறட்டும் என்றார்கள். தாலிபான் தலைவர் முல்லா ஒமர் அசையவில்லை. ஆதாரம் காட்டு என்றது தாலிபான். சாதாரணமாக ஒருவரை நாடு கடத்தச் சொல்லிக் கேட்கும் வழக்கில் அது நியாயமான கேள்விதான். மூன்று வருடம் நோட்டீஸை வாங்கி மடித்து வைத்தவர் கேட்டால் வாய்தா வாங்குவதாகத்தான் எடுத்துக்கொள்ளத் தோன்றும். அக்டோபர் 7 அன்று குண்டுவீச்சு தொடங்கியது.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். "ஐ.நா. அனுமதி கொடுத்துத்தானே போனார்கள்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். செப்டம்பர் 12 அன்று வந்த 1368-ஆம் தீர்மானம் தற்காப்பு உரிமையை ஒப்புக்கொண்டது. படை எடுத்துப் போ என்று எந்த வரியிலும் சொல்லவில்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் ஐ.நா. சாசனத்தின் 51-ஆவது பிரிவின்படி தற்காப்பு என்றுதான் சபைக்குக் கடிதம் கொடுத்தன. அடைக்கலம் கொடுத்ததையே தாக்குதலாகக் கருதலாமா என்பதில் அதுவரை இருந்த சட்டம் கறாரானது. 1986-இல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம், கலகக்காரர்களுக்கு ஆயுதம் கொடுப்பதுகூட ஆயுதத் தாக்குதல் ஆகிவிடாது என்றது. ஆயுதம் கொடுப்பதே தாக்குதல் இல்லை என்றால் தங்க இடம் கொடுப்பது? 2001-இல் உலகம் அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்தது. அந்தச் சூழ்நிலையில் அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் தாண்டிக் குதித்தோம் என்பதாவது நினைவிருக்க வேண்டும்.

ஐ.நா. உண்மையிலேயே அனுமதி கொடுத்தது வேறொரு படைக்கு, காபூலில் பாதுகாப்புக்கு நின்ற பன்னாட்டுப் படைக்கு. 2001 டிசம்பர் 20, 1386-ஆம் தீர்மானம். இடம்: காபூலும் அதன் சுற்றுப்புறமும். காலம்: ஆறு மாதம். இதுதான் எனக்குப் பிடித்த பத்திரம். நீட்டிக்க வேண்டுமானால் திரும்பவும் சபைக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். 2003-இல் காபூலுக்கு வெளியே போக வேண்டியிருந்தபோது அதற்கென்று தனித் தீர்மானம் போட்டார்கள். கடைசியில் அந்தப் படையும் 2014 வரை இருந்தது, அது வேறு விஷயம். ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு இருந்தது.

அறுபது சொல் பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏமன், சோமாலியா, லிபியா, சிரியா வரை அது போனது. ஐ.எஸ். அமைப்பின் மீது அதைப் பயன்படுத்தினார்கள். 2014-இல் அல்-காய்தாவே தனக்குச் சம்பந்தமில்லை என்று வெளிப்படையாகக் கைகழுவிய அமைப்பு அது. 2011 மே 2 அன்று பின்லாடன் கொல்லப்பட்டது பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில், ராணுவ அகாடமிக்குப் பக்கத்தில். அப்போது பாகிஸ்தான் அமெரிக்காவின் கூட்டாளி. "அடைக்கலம் கொடுத்த நாடு" என்று யாரைச் சொல்வது என்பதை ஒரே ஆள் தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும். சட்டம் ஒரு பக்கம், தேவை ஒரு பக்கம்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்கா தாலிபானோடு போட்ட தோஹா ஒப்பந்தம், 2021 ஆகஸ்ட் 15 காபூல் மறுபடி தாலிபான் கையில். அடுத்த வருடம் ஜூலை 31 அன்று அல்-காய்தா தலைவர் அய்மன் அல்-ஜவாஹிரி கொல்லப்பட்டது காபூலில் ஒரு வீட்டு பால்கனியில். 1990-களில் தாலிபானை அங்கீகரித்த மூன்றே நாடுகளில் ஒன்று பாகிஸ்தான். இன்று அதே தாலிபான் பாகிஸ்தானின் எதிரிகளுக்கு அடைக்கலம் கொடுக்கிறது என்று சொல்லி எல்லை தாண்டி குண்டு போடுவதும் அதே பாகிஸ்தான்தான். 2025 அக்டோபரில் இரு தரப்பும் மோதி, தோஹாவில் கத்தாரும் துருக்கியும் உட்கார்ந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

போன முறை வகுப்பு முடியும் முன் பிள்ளைகளை ஆளுக்கொரு தாளில் அறுபது சொல்லில் தீர்மானம் எழுதச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் நாட்டின் பெயரை எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் காலக்கெடு போட்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் இடத்துக்குக் கோடு போட்டு விட்டிருந்தான். "அப்புறம் நிரப்பிக்கலாம்னு சார்" என்றான். வகுப்பே சிரித்தது.

தாள்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், நம்ம நோட்டீஸ் பாத்துட்டு அவங்க நெஜமாவே ஆளை ஒப்படைச்சுட்டா, இந்தப் பவர் என்ன ஆகும்?"

எல்லாத் தாளையும் திரும்ப வாங்கிப் பார்த்தேன். அவளுடையது உட்பட, ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.