செங்குத்தாக வெட்டிய மண் எவ்வளவு நேரம் நிற்கும்?

கோத்தகிரிக்கு அருகே ஒரு வீட்டின் பின்புறம் தடுப்புச் சுவர் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. வெட்டிய மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, மேஸ்திரி அதை இறுக்கிப் பிடித்துக் காட்டினார். பிடிகொழுக்கட்டை போல விரல் தடங்களோடு அது அப்படியே நின்றது. பெருவிரலால் தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. புட்டுக்கு மாவு பிசிறுகிறவர்கள் பதம் பார்ப்பதும் இப்படித்தான். மேஸ்திரிக்குப் பின்னால் அதே மண் பத்தடி உயரத்துக்குச் சுவர் போலச் செங்குத்தாக நின்றது. அதன் அடியில் இரண்டு பெண்கள் குனிந்து சட்டியில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தாங்கலும் இல்லாமல் அந்த மண் ஏன் நிற்கிறது, எதனால் திடீரென்று நிற்காமல் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், மண்வேலைக்கென்று எழுதி வைத்திருக்கும் பாதுகாப்பு விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கிவிடும்.

நீலகிரியின் மண் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடினப் பாறை நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து உண்டானது. பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகவும், ஊடே சிதையாமல் எஞ்சிய உருண்டைப் பாறைகளாகவும் இருக்கும். இந்த மண்ணின் பிடிப்புக்கு ஒரு பகுதி களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் காரணம். மறுபகுதியைத் தருவது ஈரம். துகள்களின் இடுக்குகளில் மெல்லிய படலமாக நிற்கும் நீர், பரப்பு இழுவிசையால் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. காய்ந்த மாவு பிடிபடாததற்கும், நீர் அதிகமான மாவு குழைந்து போவதற்கும் காரணம் ஒன்றுதான்: முதலாவதில் நீர்ப்படலம் இல்லை, இரண்டாவதில் இடுக்குகள் முழுவதும் நீர் நிரம்பிவிட்டதால் இழுப்பதற்குப் பரப்பு இல்லை. வெட்டிய மண்சுவரும் இந்தப் பதத்தை நம்பித்தான் நிற்கிறது. மேலே ஒரு குடிநீர்க் குழாய் கசிந்தாலோ, மேல்வீட்டுக் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கினாலோ, ஒரு சொட்டு மழை பெய்யாமலே பதம் மாறிவிடும்.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். மண் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளும் என்பதை முறையாகக் கணக்கிட்டவர் பிரெஞ்சு இராணுவப் பொறியாளரான கூலும். அவருடைய கட்டுரை 1776இல் வெளிவந்தது. உராய்வைச் சேர்க்காத எளிய வடிவத்தில், ஒரு மண் தாங்கலின்றிச் செங்குத்தாக நிற்கக்கூடிய உயரம், அதன் ஒட்டுவலிமையை (துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் வலிமையை) நான்கால் பெருக்கி, ஒரு கனமீட்டர் மண்ணின் எடையால் வகுத்தால் கிடைக்கும். ஒட்டுவலிமை சதுர மீட்டருக்கு 1 டன், எடை கனமீட்டருக்கு 1.8 டன் என்று வைத்துக்கொண்டால் 2.2 மீட்டர் வருகிறது. ஈரம் ஏறி ஒட்டுவலிமை பாதியானால் உயரமும் பாதியாகி 1.1 மீட்டர் ஆகிவிடும். அதாவது, நேற்று நிம்மதியாக நின்ற ஆறடி வெட்டு இன்று கணக்கின்படி நிற்கவே கூடாத வெட்டு. பார்வைக்கு இரண்டுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது.

நிற்கக்கூடாத வெட்டு உடனே விழுந்துவிட்டால்கூட ஆபத்து குறைவாக இருக்கும். யாரும் அதன் அடியில் போய் நிற்க மாட்டார்கள். அது சில மணி நேரமோ சில நாட்களோ நிற்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. முன்பக்கத்து மண்ணை அகற்றியதும், அதுவரை நெருக்கப்பட்டிருந்த பின்பக்கத்து மண் விரிய முயல்கிறது. விரியும்போது அதன் நுண்துளைகளில் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகி, மண்ணுக்கு இயல்பாக இல்லாத வலிமையைத் தற்காலிகமாகத் தருகிறது. அந்த உறிஞ்சல் சுற்றிலுமுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ள, கிடைத்த வலிமை கரையத் தொடங்குகிறது. களிமண் கலந்த மண்ணில் நீர் ஊர்ந்துதான் நகரும் என்பதால் இதற்கு நேரம் பிடிக்கிறது. "காலையிலிருந்து நிற்கிறதே, இனி என்ன ஆகும்" என்ற நியாயம் மண்ணிடம் செல்லாது. அது நின்ற ஒவ்வொரு மணி நேரமும் அதன் பலம் குறைந்த மணி நேரம்தான். இரவு பெய்த மழை ஓய்ந்து, மறுநாள் நல்ல வெயிலில் மண் சரிவதற்கும் நீரின் இந்த மெதுவான பயணமே காரணம்.

சரிவதற்கு முன்னால் பெரும்பாலும் வெட்டின் மேல்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், விளிம்புக்கு இணையாக ஒரு விரிசல் ஓடும். புல்லோ தேயிலைச் சருகோ மூடியிருந்தால் அது கண்ணில் படாது. அந்த விரிசலில் மழைநீர் இறங்கினால் அது ஓர் ஆப்பு போல வேலை செய்கிறது. 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், விரிசலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அரை டன் விசை மண்ணை முன்னோக்கித் தள்ளும். ஆழம் 2 மீட்டரானால் விசை 2 டன். ஆழம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். குளிர்காலத்தில் உதகைப் பக்கம் உறைபனி விழும் நாட்களில் வேறொன்றும் நடக்கிறது: வெட்டுமுகத்தின் ஈரம் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து, மேல்மண்ணை நெகிழ்த்திவிடுகிறது. வெயில் ஏறியதும் பனி உருகி அந்த மண் உதிரும். அதில் பதிந்திருந்த உருண்டைப் பாறையும் சேர்ந்து உருளலாம்.

சரியும் மண் ஏறக்குறைய 60 பாகைச் சாய்வில் ஓர் ஆப்பு வடிவமாகப் பிரிந்து வருகிறது. 3 மீட்டர் உயர வெட்டில், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2.6 கனமீட்டர், எடையில் நாலரை டன்னுக்கு மேல். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து மண் கீழே வந்து சேர அரை விநாடி சற்றே கூடுதலாக ஆகும். குனிந்திருப்பவர் சத்தம் கேட்டு நிமிர்வதற்குக்கூட அந்த நேரம் போதாது. கழுத்துவரை மட்டுமே புதைந்து, மூக்கும் வாயும் வெளியே இருந்தாலும் உயிர் போகலாம். மூச்சை வெளியே விடும்போது மார்பு சுருங்குகிறது. அந்த இடைவெளியில் மண் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த மூச்சை இழுக்க மார்பு விரிய இடமில்லை. மூச்சுக்கு மூச்சு இடம் குறைந்து, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பதறி ஓடிவந்து கையால் தோண்டுகிறவர்கள் மேல் மிச்சமிருக்கும் மண்ணும் சரிவது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

இப்போது விதிகளைப் பார்க்கலாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு நெறிகள், 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமான குழிகளின் பக்கங்களைப் படிபோல் பின்வாங்கி வெட்டிச் சாய்வு தரவேண்டும் அல்லது மரத்தால் முட்டுக்கொடுக்க வேண்டும் என்கின்றன. 1.5 மீட்டர் என்பது நிற்பவரின் முகத்தை எட்டும் உயரம். சட்டியோடு குனிபவரின் தலை அதற்கு வெகு கீழே இருக்கும். 1.2 மீட்டர் ஆழத்திலிருந்தே ஏணி இருந்தாக வேண்டும், ஏணியின் தலை தரைக்கு மேல் 90 சென்டிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும் என்கிறது இன்னொரு நெறி. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இரண்டில் எது கூடுதலோ அந்தத் தூரத்துக்கு அப்பால்தான் குவிக்கலாம். விளிம்பிலேயே ஒரு மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குவித்தால், வெட்டின் உயரத்தை ஒரு மீட்டர் கூட்டியதற்கு ஏறத்தாழச் சமம். மேலிருந்து கீழாகவே வெட்ட வேண்டும், அடியைக் குடையவே கூடாது என்பதும் அதே நெறிகளில் உண்டு. கடப்பாரையால் அடியைக் குடைந்து மேல்மண்ணைத் தானாக விழவைப்பது வேலையைச் சுருக்கும் பழைய வழக்கம். அது மற்றெல்லாக் கணக்கையும் ஒரே அடியில் பொய்யாக்கிவிடுகிறது.

இவ்வளவும் சரியே. ஆனால் இந்த நெறிகள் சமவெளியில் தோண்டும் அஸ்திவாரக் குழியையும் குழாய்க் குழியையும் மனத்தில் கொண்டவை என்பது என் எண்ணம். குழிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தை மற்றொன்றின் மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தலாம். மலைச்சரிவில் வெட்டுக்கு ஒரே பக்கம்தான், எதிரே வெட்டவெளி. சாய்வாக வெட்டலாம் என்றால் கணக்கு வேறுவிதமாக இடிக்கிறது. சமவெளியில் 3 மீட்டர் ஆழக் குழியின் பக்கத்தை 45 பாகையில் சாய்த்தால் 3 மீட்டர் நிலம் கூடுதலாக வேண்டும். 30 பாகை சாய்ந்த மலைச்சரிவிலோ, மேலே போகப் போகத் தரையும் உயர்ந்துகொண்டே போவதால், அதே சாய்வு தரையைத் தொடுவதற்குள் 7 மீட்டர் உள்ளே போய்விடும். அங்கே மேல்வீட்டுக்காரரின் சமையலறை இருக்கும். செங்குத்தாக வெட்டுவது எப்போதும் அலட்சியத்தால் நடப்பதில்லை. நான்கு சென்ட் மனையில் வேறு வழி தெரியாமலும் நடக்கிறது. நீலகிரியில் மண் அள்ளும் பெரிய இயந்திரங்களுக்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருப்பது மலையைக் காப்பதற்கு அவசியம்தான். அதே சமயம், கையால் வெட்டும் இடத்தில் நாள் முழுவதும் வெட்டின் அடியில் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

2024 பிப்ரவரியில் உதகையை அடுத்த லவ்டேல் பகுதியில், கட்டுமானப் பணியின்போது மேலிருந்த பழைய கட்டடம் இடிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும் மாதம் அது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களைத்தான் எட்டியது. 10 லட்சம் ரூபாய்க்கு மிகாத செலவில் ஒருவர் தமக்கெனக் கட்டும் வீட்டை விட்டுவிட்டது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. மலையில் தடுப்புச் சுவர் வேலை பெரும்பாலும் ஒரு மேஸ்திரி, ஒரு கொத்தனார், நான்கைந்து பேர் என்ற அளவில் நடக்கிறது. மண் ஆட்களை எண்ணிப் பார்த்துச் சரிவதில்லை என்பதால், எண்ணிக்கை வரம்பு இந்த வேலைக்குப் பொருந்தாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மலைக்குப் பொருந்தும் முறைகள் இல்லாமலில்லை. முதலாவது, முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்டாமல் இரண்டு மூன்று மீட்டர் அகலத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று வெட்டுவது. வெட்டிய துண்டில் சுவரைக் கட்டி முடித்த பிறகே விட்டுவைத்த துண்டைத் தொட வேண்டும். குறுகிய வெட்டுக்குப் பின்னாலுள்ள மண், கல் பாலத்தின் வளைவு போலத் தன் சுமையை இருபுறமும் வெட்டாமல் நிற்கும் மண்ணின்மேல் ஏற்றிவிடுகிறது. முப்பதடி நீளத்தை ஒருசேர வெட்டினால் அந்த வளைவுக்குத் தோள் கிடைக்காது. அடுத்து, வெட்டுவதற்கு முன்பே மேலே ஒரு வாய்க்கால் எடுத்து நீரைத் திருப்பிவிட்டு, விளிம்பையும் வெட்டுமுகத்தையும் தார்ப்பாயால் மூடுவது. தைலமரக் கட்டைகளால் சாய்முட்டுக் கொடுப்பதானால், அவற்றின் அடி நழுவாமல் தரையில் ஆப்பு அடித்திருக்க வேண்டும். 3 மீட்டர் வெட்டு மீட்டருக்கு இரண்டரை டன்னுக்கு மேல் தள்ளக்கூடும் என்பதால், ஒப்புக்கு நிறுத்திய கழி எதற்கும் உதவாது. நீலகிரி நெடுஞ்சாலைச் சரிவுகள் சிலவற்றில் இரும்புக் கம்பிகளை ஆழச் செலுத்தி மண்ணைத் தைக்கும் மண் ஆணி முறையைக் கையாள்கிறார்கள். வீட்டு வேலைக்கு அதன் செலவு கட்டுப்படியாகாது.

கோத்தகிரி மேஸ்திரி செய்தது செலவே இல்லாதது. வெட்டின் மேல்விளிம்புக்கு நான்கடி பின்னால் தெரிந்த மெல்லிய விரிசலுக்கு இரு புறமும் இரண்டு மூங்கில் முளைகளை அடித்து, இடையே ஒரு சணல் கயிற்றைத் தொய்வில்லாமல் கட்டியிருந்தார். பத்தரை மணித் தேநீருக்குப் பிறகு மேலே ஏறிப் பார்த்தபோது, கயிறு விண்ணென்று இறுகி முளையின் தலையை முன்னுக்கு இழுத்திருந்தது. அவர் கீழே எட்டிப் பார்த்து, "அக்கா, சட்டிய அங்கயே போட்டுட்டு ரெண்டு பேரும் மேல வாங்க" என்றார். மூத்தவர் சட்டியோடுதான் ஏறி வந்தார். அரைநாள் கூலி போகுமே என்று அவர் கேட்டதற்கு, முழுநாள் கூலி உண்டு, அதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிக் கணக்கில் எழுதியிருக்கிறேன் என்றார் மேஸ்திரி. பிற்பகல் முழுவதும் அந்தப் பெண்கள் மேலிருந்தபடியே, விளிம்பில் குவிந்திருந்த மண்ணைப் பின்னுக்கு வாரி, வாய்க்காலை ஆழப்படுத்தினார்கள்.