கொரியால வயித்து ஸ்கிரீனிங்: ஒரு ரிப்போர்ட்ல ரெண்டு ரிசல்ட் வந்தா என்ன பண்றது

கொரியால இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் கவர்மெண்ட் ஹெல்த் இன்சூரன்ஸ்ல இருந்து வர்ற இந்த கேன்சர் ஸ்கிரீனிங் லெட்டர பிரிக்காமயே வச்சிருப்பாங்க. தயவுசெஞ்சு பிரிச்சுப் பாருங்க, இங்க வயித்து கேன்சர் ரொம்ப சகஜம், ஆனா ஆரம்பத்துலயே பிடிச்சா பல பேருக்கு வயித்தக் கிழிக்காம எண்டோஸ்கோப்பி வழியாவே எடுத்துடறாங்க.

40 வயசு ஆயிட்டா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எண்டோஸ்கோப்பி, இரட்டைப்படை வருஷத்துல பொறந்தவங்களுக்கு 2026 மாதிரி இரட்டைப்படை வருஷத்துல, மத்தவங்களுக்கு ஒற்றைப்படையில. செலவுல 90% இன்சூரன்ஸ், 10% நாம, பிரீமியம் கம்மியா கட்டற கீழ்ப்பாதி ஆளுங்களுக்கு அந்த பத்தும் கிடையாது. மயக்க ஊசி போட்டுக்கிட்டா மட்டும் அந்தக் காசு தனி. 2019 ஜூலைல இருந்து 6 மாசத்துக்கு மேல தங்கற வெளிநாட்டுக்காரங்களுக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம், மாசாமாசம் கட்டறோம், அதனால இதுல கூச்சமே வேணாம்.

இப்ப முக்கியமான விஷயம். வயித்துல ரெண்டு இடத்துல டவுட்டா இருந்தா ரெண்டுலயும் சதை கிள்ளி தனித்தனி பாட்டில்ல போட்டு அனுப்புவாங்க. ஒண்ணுல இன்ஃப்ளமேட்டரி ஃபைப்ராய்டு பாலிப்னு வருதுன்னு வைங்க, வானெக்னு ஒரு டாக்டர் 1949ல எழுதின அபூர்வமான கட்டி, பெரும்பாலும் இரைப்பையோட கீழ்ப்பகுதில வரும், கேன்சர் இல்ல. அந்த ஒரு வரியப் பாத்து அப்பாடான்னு பேப்பர மடிச்சு வச்சுடாதீங்க, பக்கத்து பாட்டில்ல ஆரம்ப நிலை கேன்சர் இருந்த கேஸ்களும் உண்டு. எந்த பாட்டிலுக்கு என்ன ரிசல்ட்னு ஒவ்வொண்ணா டாக்டர்கிட்ட கேளுங்க.

பணமும் அதுலதான் மாறுது. சாதாரண கட்டிக்கு அட்மிட் ஆனா இன்சூரன்ஸ் போக நம்ம பங்கு வழக்கமா 20%. கேன்சர்னு உறுதியாகி சான்ஜங்-துங்னேங்கற சலுகைல பதிவு பண்ணிட்டா 5 வருஷத்துக்கு வெறும் 5%தான், அந்த கேன்சருக்கும் அதனால வர்ற சிக்கலுக்கும். தனி ரூம் மாதிரி இன்சூரன்ஸுக்கு வெளிய இருக்கறது இதுல சேராது. உறுதியான நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள பதிவு பண்ணா அந்த நாள்ல இருந்தே கணக்கு, லேட் ஆனா பதிவு பண்ண நாள்ல இருந்துதான், அதனால ஆஸ்பத்திரி கவுன்டர்லயே ஃபார்ம் கேட்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வாங்க. இந்த வருஷ ஸ்கிரீனிங்க விட்டுட்டீங்கன்னா ஹெல்த் இன்சூரன்ஸ் ஆபீஸ் நம்பர் 1577-1000க்கு போன் பண்ணி அடுத்த வருஷத்துக்கு மாத்திக் கேக்கலாம்.